ஏர்லி மியூசிக் கோடை முகாம்: கான்சோர்ட் வாரமா, பெருங்கூட்டுப் பாடலா, பரோக் இசைக்குழுவா, மாஸ்டர்கிளாஸா?

ஏறக்குறைய 1750-க்கு முந்தைய ஐரோப்பிய இசையைத்தான் ஏர்லி மியூசிக் என்கிறார்கள். கோடையில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கல்லூரி வளாகத்திலேயே தங்கி அதைப் பாடவும் வாசிக்கவும் கற்கும் முகாம்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, இத்தாலி, ஸ்பெயின் என்று பல நாடுகளில் நடக்கின்றன. இணையதளத்தைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: பழைய கட்டடம், பெயர்பெற்ற ஆசிரியர்கள், தினமும் மாலையில் கச்சேரி. உள்ளே போன பிறகுதான் ஒவ்வொன்றிலும் நாள் நடக்கும் விதமே வேறு என்பது புரியும். ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் மனக்குறையோடு திரும்புகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தினசரி அட்டவணையை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீங்கள் வாசிப்பீர்கள் அல்லது பாடுவீர்கள்? யாரோடு? உங்கள் பார்ட்டை, அதாவது கூட்டிசையில் உங்களுக்கென்று எழுதிய தனி வரியை, உங்களோடு சேர்ந்து இன்னும் எத்தனை பேர் பாடுவார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

இந்த மூன்று கேள்வியை வைத்துப் பார்த்தால் முகாம்கள் நான்கு வகைக்குள் அடங்கும்.

கான்சோர்ட் வாரம்

நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பார்ட் வாசிப்பது கான்சோர்ட். ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் குழல்), வயோலா ட காம்பா (கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்; சுருக்கமாகக் காம்பா), லூட் (விரலால் மீட்டும் தந்தி வாத்தியம்), குரல் எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. இங்கிலாந்தில் டர்ஹாம் நகரத்தோடு பல்லாண்டுத் தொடர்புள்ள நார்விஸ், அமெரிக்காவில் ஜூலையில் நடக்கும் ஆம்ஹர்ஸ்ட் ஏர்லி மியூசிக் விழா, காம்பாவுக்கென்றே அமெரிக்க வயோலா ட காம்பா சங்கம் ஆண்டுதோறும் நடத்திவரும் கான்கிளேவ் என்ற கூடல் ஆகியவை இந்த வகை. இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்களையும் மனதில் வைத்துத் தொடங்கிய இடங்கள் இவை. அறுபது வயது டாக்டரும் இருபது வயது மாணவரும் ஒரே குழுவில் வாசிப்பது இங்கே சர்வசாதாரணம்.

காலையில் ஒன்றேகால் மணி நேரம் கருவி நுட்ப வகுப்பு இருக்கும். பிறகு ஆசிரியர் உடனிருந்து திருத்தும் கான்சோர்ட் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் அளவில். மாலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய குழு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர்களின் கச்சேரி. அதற்கும் பிறகு, தூக்கம் வராதவர்கள் தாங்களாகவே கூடி வாசிப்பது. மொத்தத்தில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் கருவி கையில் இருக்கும். நான்கு வகையிலும் இதுதான் அதிகம்.

இங்கே தவறு நடக்கும் இடம் விண்ணப்பப் படிவம்தான். உங்கள் தரம் என்ன என்று அதில் கேட்பார்கள். தன்னடக்கத்தில் குறைத்து எழுதினால் வாரம் முழுக்க மெதுவான குழுவில் சலித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். கூட்டி எழுதினால் அதைவிட மோசம். ஆளுக்கொரு பார்ட் என்பதால், எண்ணிக்கை தவறும் ஒருவரால் மற்ற நால்வருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் வீணாகும். 'இடைநிலை' என்று ஒரு சொல்லில் முடிக்காமல் விவரமாக எழுதுங்கள். எந்தெந்த அளவுக் கருவி வாசிப்பீர்கள், எந்த கிளெஃப் (சுரங்களின் உயரத்தைக் காட்டும் வரித் தொடக்கக் குறி) படிப்பீர்கள், ஆன்டனி ஹோல்போர்ன் 1599-ல் அச்சிட்ட ஐந்து பார்ட் நடன இசையில் ஒரு பார்ட்டைத் துணையில்லாமல் தாங்க முடியுமா என்பவை போதும். ஒருங்கிணைப்பாளர் குழு பிரிப்பது இதை வைத்துத்தான்.

நல்ல குழு கிடைக்க இன்னொரு வழியும் உண்டு. குரலிலும் கருவியிலும் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று வரிசை. காம்பாக்காரர்களில் பெரும்பாலோர் பாஸ் காம்பாதான் வைத்திருப்பார்கள். டெனர் வாசிக்க ஆள் கிடைக்காமல் ஒருங்கிணைப்பாளர் தவிப்பார். ஆல்ட்டோ கிளெஃப் படித்து டெனரையும் வாசிக்கத் தெரிந்தவரை எல்லாக் குழுவும் கேட்டு வாங்கும். ரெக்கார்டரில் அதே நிலை. சோப்ரானோ, டெனர் இரண்டுக்கும் உரிய சி விரலமைப்பு, ஆல்ட்டோ, பாஸ் இரண்டுக்கும் உரிய எஃப் விரலமைப்பு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ் கிளெஃப் படிக்க வேண்டும். பாடகர்களுக்கென எழுதிய ஆல்ட்டோ பார்ட்டை ஆல்ட்டோ ரெக்கார்டரில் ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே படித்து வாசிக்கவும் வர வேண்டும். இது வராதவர்களுக்கு மறுமலர்ச்சிக் கால இசையில் பாதி கதவு அடைத்தேதான் இருக்கும். வீட்டிலேயே நாளுக்கு இருபது நிமிடம் என்று இரண்டு மாதம் பழகினால் வந்துவிடும்.

கருவியே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கான்கிளேவில் காம்பாவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கென்று கருவியோடு சேர்ந்த தொடக்க வகுப்பு உண்டு. சுர இடங்களைக் காட்டும் ஏழு ஃப்ரெட்டும் கருவியின் கழுத்தில் கட்டிய நரம்புதான், வேண்டும்போது நகர்த்தலாம். செலோ தெரிந்தவர்களுக்கு இடது கை சீக்கிரம் பழகிவிடும். வில்லை உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடிப்பதுதான் ஒரு வாரம் படுத்தும்.

பெருங்கூட்டுப் பாடல்

பாடகர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. இங்கிலாந்தின் கிளஸ்டர் பக்கம் பிறந்த பீச்சம் கோடைப் பள்ளி இதற்கு நல்ல உதாரணம். வெனிஸ் நகரத்து ஜொவான்னி காப்ரியேலி போன்றோர் எழுதிய, பல பாடகர் குழுக்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இசைதான் இந்த வகையின் மையம். குரல்களோடு கார்னெட்டோ (மரத்தாலான வளைந்த ஊதுகருவி), சாக்பட் (டிராம்போனின் முன்னோடி), டல்சியன் (பஸ்ஸூனின் முன்னோடி) ஆகிய ஊதுகருவிகளும் சேர்ந்து வாசிக்கும். வேறெந்த வகையிலும் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவே நின்று இந்த ஒலியை உள்ளிருந்து கேட்க முடியாது. தாமஸ் டாலிஸின் நாற்பது பார்ட் பாடலான 'ஸ்பெம் இன் ஆலியம்' ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்களுக்கு எழுதியது. அப்படிப்பட்ட படைப்பை ஊரில் பாட எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒரு நுணுக்கம். குழுக்களைத் தேவாலயத்தின் எதிரெதிர் மூலைகளில் இருபது மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒரு குழுவின் ஒலி மற்றக் குழுவை எட்ட ஏறக்குறைய 60 மில்லிசெகண்ட் ஆகும். காதால் கேட்டுச் சேர்ந்துகொள்பவர் அந்த அளவு பின்தங்குவார். அவரைக் கேட்டு எதிர்க் குழு இன்னும் பின்தங்கும். பத்துப் பன்னிரண்டு தாள அடிக்குள் மொத்தமும் இழுபட்டுவிடும். அதனால் கண் நடத்துநரின் கையிலேயே இருக்க வேண்டும்; எதிர்க் குழு தாமதமாக வருவதுபோலக் கேட்டாலும் காத்திருக்கக் கூடாது. தாளிலிருந்து தலை தூக்காதவர்களால் இது முடியாது. நொட்டேஷன் வேகமாகப் படிக்க வேண்டும் என்று இங்கே வற்புறுத்துவது இதனால்தான்.

தகுதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வில்லியம் பர்டின் நான்கு குரல் மாஸ் (திருப்பலி இசை) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் குரலுக்குரிய பார்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பதிவை ஓடவிட்டு முதல் பகுதியைப் பார்த்த மாத்திரத்தில் பாடுங்கள். வழி தவறினாலும் அடுத்த நுழைவில் நீங்களாகவே சேர்ந்துகொண்டால் எந்தப் பெருங்கூட்டுக்கும் போகலாம். தவறிய இடத்திலேயே நின்றுவிட்டால் இன்னும் ஆறு மாதம் பழகிவிட்டுப் போவது நல்லது. சென்னையில் 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனிலோ, நான்கு பார்ட்டில் பாடும் சர்ச் கொயரிலோ சில வருடம் பாடியவர்களுக்குப் படிப்பதில் பெரிய சிரமம் இருக்காது. சிரமம் தாங்குவதில்தான். பத்துப் பேர் பாடும் சோப்ரானோ வரிசையில் நின்று பழகியவர், தன் பார்ட்டில் இரண்டே பேர் என்றதும் குரலை அமுக்கிக்கொள்வார்.

மூன்றாம் நாள் குரல் கரகரக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடி யாருக்கும் பழக்கமில்லை. முதல் இரண்டு நாள் ஒத்திகையில் பாதிக் குரலில் பாடுவது தவறே அல்ல. அனுபவசாலிகள் அதைத்தான் செய்கிறார்கள். சில முகாம்களில் கார்னெட்டோவுக்காக ஏ சுரத்துக்கு 466 ஹெர்ட்ஸ் சுருதி வைப்பார்கள், அதாவது இன்றைய 440-க்கு அரைச்சுரம் மேலே. சோப்ரானோ, டெனர் பாடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரோக் இசைக்குழு

ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையான இசை பரோக். அமெரிக்காவின் ஓஹையோவில் ஓபர்லின் கன்சர்வேட்டரி 1972 முதல் நடத்தும் பரோக் பயிலகமும், கனடாவின் டொரண்டோவில் டாஃபல்மூசிக் என்ற இசைக்குழு நடத்திவரும் கோடைப் பயிலகமும் இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியவை. இரண்டும் இரண்டு வாரம். சுருதி 415 ஹெர்ட்ஸ், அரைச்சுரம் கீழே. டாஃபல்மூசிக் தொழில்முறை இசைக்குப் போகிறவர்களுக்கானது. பதிவு அனுப்பி அதில் தேற வேண்டும். ஓபர்லின் ஆர்வலர்களையும் சேர்த்துக்கொள்ளும். டொரண்டோவிலேயே வீடு இருக்கும் நம்மவர்களுக்கு டாஃபல்மூசிக்கில் தங்கும் செலவு மிச்சம்; ஆனால் ஒத்திகை முடிந்து நகரின் கிழக்கே உள்ள ஸ்கார்பரோவுக்கு இரவில் போய்க் காலையில் திரும்புவதற்கும் தெம்பு வேண்டும்.

ஒருவர் ஒரு பார்ட்டை வாசிக்கும் இசையும் உண்டு, நாலைந்து வயலின் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுவும் உண்டு. வாசிக்கும் நேரம் கான்சோர்ட் வாரத்தைவிடக் குறைவு, கேட்கும் தரம் மிக அதிகம். வில்லின் ஒவ்வோர் இழுப்பும் பேச்சில் ஓர் அசை போல எப்படி விழ வேண்டும் என்று ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் அலசுவார்கள். அதில் ருசி இருப்பவர்களுக்கு இதுதான் இடம்.

கருவியைத் தயார் செய்யாமல் போகக் கூடாது. ஸ்டீல் தந்தி போட்ட வயலினை 415-க்கு இறக்கினால் தந்தி தொளதொளத்து ஒலி செத்துவிடும். ஆட்டுக் குடலில் திரித்த கட் தந்தி போட வேண்டும், பரோக் வில் வேண்டும். பரோக் வயலின் வாங்க முடியாதவர்கள், இருக்கும் வயலினிலேயே கட் தந்தி போட்டு, பரோக் வில்லை மட்டும் இரவல் வாங்கிக் கொண்டுபோவது ஏற்கத்தக்க வழி. இரண்டில் வில்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும். புதுக் கட் தந்தி நிலைபெற இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஈ தந்தி முதலில் நூல் பிரியும். இரண்டு வாரத்துக்கு நான்கு கூடுதல் ஈ, இரண்டு ஏ கையில் இருக்கட்டும். கீபோர்டு வாசித்தே காது பழகியவர்கள், தாளில் ஏ பார்த்து காதில் ஜி ஷார்ப் கேட்கும்போது குழம்பிப்போவார்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே 415-ல் சுருதிப் பெட்டி ஆப் வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

மாஸ்டர்கிளாஸ்

ஆசிரியர் ஒவ்வொருவராக வாசிக்கவோ பாடவோ வைத்து மற்றவர்கள் முன்னிலையில் திருத்துவது மாஸ்டர்கிளாஸ். இத்தாலியில் ஊர்பினோவில் ஜூலையில் நடப்பதும், ஸ்பெயினில் மதில் சூழ்ந்த சிற்றூரான தரோக்காவில் ஆகஸ்டில் நடப்பதும் இந்த வகை. ஆசிரியர் பெயர்கள் மயக்கும், ஊர் அதைவிட மயக்கும். கணக்கைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் ஒன்பது பேர், காலையில் மூன்று மணி நேரம், ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால் நாளுக்கு நாலைந்து பேருக்குத்தான் முறை வரும். ஏழு நாளில் உங்களுக்கு மூன்று அல்லது நான்கு முறை, மொத்தம் சுமார் இரண்டரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் அடுத்தவர் பாடம் கேட்பது. ஒரே கருவியை ஓரளவு வாசித்துத் தன் குறை என்னவென்று அறிந்தவருக்கு அந்தக் கேட்பும் பொன்னானது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு அது வெறும் காத்திருப்பு.

மூன்று படைப்பையாவது நன்றாகத் தயார் செய்துகொண்டு போங்கள். துணைக்கு ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய, தந்தியைச் சுண்டும் கீபோர்டு) வாசிப்பவருக்குக் கொடுக்க எண்ணிட்ட பாஸ், அதாவது சேர்த்து வாசிக்க வேண்டிய சுரங்களை எண்களால் குறித்த பாஸ் வரி, உள்ள பிரதி வேண்டும். யாரோ பியானோவுக்கு விரித்து எழுதிய பதிப்பை நீட்டினால் பாடத்தின் முதல் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். துணை வாசிப்பவர் உண்டா, அவரோடு ஒத்திகை நேரம் எவ்வளவு, மதியம் பழக அறை கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். குளிர்சாதனம் இல்லாத பழைய கட்டடத்தில் பத்துப் பேருக்கு இரண்டே பயிற்சி அறை என்ற நிலையும் வரலாம்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு

இவர்களுக்கு ஒரு பலமும் ஒரு தடையும் உண்டு, இரண்டும் சுருதியிலிருந்தே வருகின்றன. நல்ல தம்பூரா தானாகவே எழுப்பும் அந்தர காந்தாரம்தான் மறுமலர்ச்சிக் கால இசை விரும்பும் தூய காந்தாரம்: ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). இன்றைய பியானோவின் காந்தாரம் 400 சென்ட். பியானோவோடு பழகிய பாடகர் அந்த 14 சென்டை இறக்க வாரம் முழுக்கப் பாடுபடுவார்; கர்நாடகப் பாடகரின் தொண்டை நேராக அங்கே போய் உட்காரும். ஹார்ப்சிகார்டை காந்தாரங்கள் தூயதாக வரும்படி அமைத்த, அந்தக் காலத்து மீன்டோன் முறையில் சுருதி சேர்த்தால் ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் 41 சென்ட் விலகி நிற்கும் என்றாலும் இவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது.

தடை என்னவென்றால், அங்கே ஷட்ஜம் நிற்பதில்லை. ஒவ்வொரு கார்டிலும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டிலும்) அடிச்சுரம் மாறும். இப்போது உங்கள் சுரம் காந்தாரம், அடுத்த கணம் அதுவே பஞ்சமம். பிடித்த சுரத்தை விடாமல் ஒவ்வோர் அடியிலும் தூய இடைவெளியிலேயே பாடிக்கொண்டு போனால், சி, ஏ, டி, ஜி, சி என்று ஒரு சுற்று முடிவதற்குள் மொத்தச் சுருதியும் சுமார் 22 சென்ட் இறங்கிவிடும். எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நால்வர் ஐவர் கொண்ட சிறு குழுவில்தான் கற்க முடியும். கர்நாடக இசை கற்றவர்கள் பெருங்கூட்டைவிடக் கான்சோர்ட் வாரத்தையே முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கற்பனை ஸ்வரம் பாடியவர்கள் டிமினியூஷன் (நீண்ட சுரங்களை வேகமான சிறு சுரங்களாக அலங்கரிப்பது) வகுப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். டியேகோ ஓர்டிஸ் 1553-ல் ரோமில் அச்சிட்ட காம்பா பாடங்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு பாஸ் வரிசையின் மேல் மெட்டை விரிப்பதைக் கற்றுத் தருகின்றன. மனோதர்மம் பழகியவருக்கு அங்கே வெகு சீக்கிரம் கைவரும்.

பணம், விசா, பயணம்

கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். இங்கிலாந்து, அமெரிக்க முகாம்களில் அறையும் சாப்பாடும் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்ந்தோ வளாகத்திலேயோ கிடைக்கும். ஐரோப்பிய மாஸ்டர்கிளாஸ்களில் பதிவுக் கட்டணம், வகுப்புக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் தனித்தனி. முதலில் மலிவாகத் தெரிவது கடைசியில் அப்படி இருக்காது. எல்லாவற்றையும் கூட்டி, வாசிக்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மாஸ்டர்கிளாஸில் வாசிக்காமல் கேட்க மட்டும் வருகிறவர்களுக்கு வேறு கட்டணம் உண்டு. முதல்முறை அப்படிப் போவது புத்திசாலித்தனம்.

இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு: பிரிட்டனில் 30 நாளுக்கு மிகாத பொழுதுபோக்குப் பயிற்சிக்கு விசிட்டர் விசா போதும். கனடாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குத் தனி ஸ்டடி பெர்மிட் தேவையில்லை. அமெரிக்காவில் பி-2 விசாவில் கிரெடிட் இல்லாத குறுகிய பயிற்சி செய்யலாம். கல்லூரி கிரெடிட்டுக்குப் பதிந்தால் அந்த விசா செல்லாது. இத்தாலி, ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மே மாதக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாஸ் காம்பாவை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தனி இருக்கை வாங்க வேண்டிவரும். அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள். கொண்டுபோகும் கருவியின் தந்திகளை ஒரு சுரம் அளவு தளர்த்தினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடும். வில்லிலோ ரெக்கார்டரிலோ தந்தமோ ஆமையோடோ இருந்தால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். மர ரெக்கார்டரை நாளெல்லாம் வாசித்தால் காற்றுவழி ஈரத்தில் வீங்கிச் சுரங்கள் அடைபடும். காலையில் மரம், மாலையில் பிளாஸ்டிக் என்று மாற்றி வாசிப்பதில் வெட்கமே இல்லை, ஆசிரியர்களே அப்படித்தான் செய்கிறார்கள். புது மர ரெக்கார்டரை முகாமுக்கென்று வாங்கி எடுத்துப்போகவே கூடாது. முதல் சில வாரங்களுக்கு நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, மீறினால் வெடிக்கும்.

சாப்பாட்டுப் படிவத்தில் சைவம் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தனியாக எழுத வேண்டும். இரவு வாசிப்பு முடியும்போது கேன்டீன் மூடியிருக்கும், பையில் ஏதாவது இருக்கட்டும்.

யாருக்கு எது

முதல்முறை போகிறவர், எந்தக் கருவியாக இருந்தாலும், கான்சோர்ட் வாரத்துக்குப் போங்கள். கொயரில் பாடி நொட்டேஷன் சரளமாகப் படிப்பவர் பெருங்கூட்டுக்குப் போகலாம். வயலின், செலோ வாசித்து எட்டாம் கிரேடு தேர்வு அளவுக்கு வந்தவர், கட் தந்தியும் வில்லும் கிடைத்தால் ஓபர்லின். கிடைக்கவில்லை என்றால் அந்த வருடம் காத்திருக்கலாம். தனிப் பாடகரோ தனி வாத்தியக்காரரோ ஒரு வருடமாவது இந்த இசையில் ஆசிரியரிடம் கற்றிருந்தால் மாஸ்டர்கிளாஸ், இல்லையேல் வேண்டாம்.

இடங்கள் தீரும் வேகமும் ஒன்றல்ல. முகாம்கள் குரல்களைச் சமன்படுத்தித்தான் சேர்க்கும். சோப்ரானோக்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் சீக்கிரம் நிரம்பும், டெனர்களுக்குக் கடைசி வாரம்கூட இடம் இருக்கும். எனவே சோப்ரானோக்கள் பதிவு திறந்த முதல் நாளிலேயே படிவம் அனுப்புங்கள். தாழ்ந்த ஆல்ட்டோவோ டெனரோ பாட முடிகிறவர்கள் அதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். உதவித்தொகையையும் அதே அஞ்சலில் கேட்பதே சரி, பெரும்பாலான முகாம்கள் அந்தப் பணத்தை வசந்த காலம் முடிவதற்குள் பங்கிட்டுவிடும்.